வடக்குச் சுவரில் பெரட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கூட்டிக்கொண்டு வந்த செல்லாயி, வடக்குச் சுவரடிக்கு வந்ததும் விளக்குமாற்றை நிறுத்தினாள். சிமெண்டுத் தரையில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ சிதறிக் கிடந்தது. யாரோ பூவைக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து எடுத்தாள். விரலில் ஒட்டியது பூ இல்லை, காய்ந்த வர்ணப் பொருக்கு. நிமிர்ந்து பார்த்தால், சுவரில் வரைந்த வரிசையில் பதினோராவது ஆளாக நிற்கும் பத்துமலையின் கழுத்தில் எழுதியிருந்த மாலையில் இடது பக்கம் ஒரு சாண் அளவுக்குக் காணோம்.

பழைய சுவர், முப்பத்து மூன்று வருஷத்து வர்ணம், உதிரத்தான் செய்யும். அப்படித்தான் அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தச் சுவரில் பத்தொன்பது பேருக்கு மாலை எழுதியிருக்கிறது. பத்தொன்பதையும் ஒரே பெயிண்டர், ஒரே நாளில், ஒரே டப்பாவில் தோய்த்து எழுதினார். மற்ற பதினெட்டு மாலையும் நேற்று எழுதியது மாதிரி இருந்தன. செல்லாயி பொருக்குகளை முந்தானையில் வாரி முடிந்துகொண்டாள். குப்பையோடு ஏன் தள்ளவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே வரும் செம்மண் சடக்கு முடிகிற இடத்தில் இருக்கிறது ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயில். தெற்குச் சுவரில் மற்றக் கோயில்களைப் போலவே வள்ளி கல்யாணமும் காமதேனுவும் உண்டு. வடக்குச் சுவரில் சாமி கிடையாது. முப்பத்தேழு ஆம்பிளைகள், முண்டாசும் அரைக்கால் சட்டையுமாக, காலைப் பெரட்டில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் பெயர் எழுதியிருக்கும். பெரட்டு என்றால், விடியும் முன் கங்காணி பேர் கூப்பிட, வேலையாட்கள் வரிசையில் நின்று பதில் சொல்வது. ஜப்பான்காரன் காலத்தில், ஓர் ஆடி மாதத்துக் காலையில், அப்படிப் பெரட்டில் நின்றவர்களில் நாற்பது பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். வராத முப்பத்தேழு பேரைத்தான் சுவரில் எழுதினார்கள்.

யார் செத்ததைத் திரும்பி வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்களோ, அவர்களுக்கு மாலை. யாரும் பார்க்காத பதினெட்டுப் பேருக்கு மாலை கிடையாது. மாலை விழுந்தவனின் பெண்டாட்டி தாலியைக் கழற்றினாள், மற்றவள் கழற்றவில்லை. ஆடித் திருவிழாவின் கடைசி நாள் விடியலில் கங்காணி பழனியப்பன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, மாலை இல்லாதவர்களின் பெயரைப் பெரட்டு மாதிரியே கூப்பிடுவார். குடும்பத்தில் யாராவது ஒருத்தர், "இன்னும் வரல" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. மாலை விழுந்தவனின் பெயரை மட்டும் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் வந்து நிற்பான், வந்தவனை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்று கங்காணி கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிக்க மாட்டார்.

"ஈரந்தான் லா," என்றார் ராமையா, அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே. "சொவரு என்னா நம்மள விட எளசா?"

மழை பெய்து மூன்று வாரமாகிறது. செல்லாயி அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராமையா அவளுடைய இரண்டாவது புருஷன். முதல் புருஷன்தான் சுவரில் நிற்கும் பத்துமலை. அறுபத்து நாலு வயது. கித்தா என்கிற ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டபோது வேலையிலிருந்து நின்றவர். அவருக்கு இழுப்பு நோய். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து கீ... கீ... என்று, எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாமல் செல்லாயிக்குத் தூக்கம் வராது. லயத்தில், தோட்டத்து வீட்டு வரிசையில், பாதி வீடுகள் காலியாகிவிட்டன. மகள் நவமணி கல்யாணமாகி ஜெலாப்பாங்கில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ஃபேக்டரி வேலை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று மாதம் ஒருமுறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போவாள். ராமையா அசைய மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தகரக் குவளையில் கோப்பி கொண்டுபோய்ப் பத்துமலையின் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும் அவருக்கு.

அதன் காரணம் தோட்டத்துக்கே தெரியும். லாரியில் ஏற்ற வேண்டியவர்களின் பட்டியலில் அன்றைக்கு இருந்தது ராமையாவின் பெயர்தான். பத்துமலையின் பெயர் இல்லை. ராமையா மலேரியாவில் லயத்தில் சுருண்டு கிடந்தார். கூட்டாளிக்கு அன்றைய பேரும் கூலியும் போய்விடக் கூடாதே என்று, இருட்டில் வரிசையில் நின்ற பத்துமலை, "ஆளு இருக்கு" என்று அவருக்காகக் குரல் கொடுத்தான். தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான். கங்காணிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார். அன்றைக்குப் பட்டியலைக் கையில் வைத்திருந்தது கங்காணி இல்லை, ஜப்பான்காரன். குரல் கொடுத்தவனைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"ஒரு நாளாச்சும் அவன் பேருக்கு நான் பதில் சொல்லியிருக்கணும், செல்லாயி." இதை ராமையா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் சொன்னார். "எனக்காகச் சொன்னான், செத்தான். மால போட்டாச்சு. இனிமே அவன் பேர யாரு கூப்புடப் போறா."

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிடும். அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் செல்லாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏனென்றால், பத்துமலை செத்ததை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்த மூன்று பேரில் ஒருவன் சீனி. பெயிண்டர் சுவரில் வேலையைத் தொடங்கியிருந்த வாரம், எலும்பும் தோலுமாக வந்து அவள் வாசலில் உட்கார்ந்தான். "அண்ணன் உசுரோடதான் இருந்தாரு அண்ணி," என்றான். "நான் கெளம்புறப்ப மூங்கிக் கொட்டாயில படுத்திருந்தாரு. எடது காலு மொழங்காலுக்குக் கீழ அழுகிப் போச்சு. சாக்கக் கிழிச்சுக் கட்டியிருந்தாரு. கம்ப ஊனி எந்திரிச்சு நின்னு, வாரேன்னு சொல்லு, மெதுவாத்தான் வருவேன், ஆனா வாரேன்னாரு."

செல்லாயிக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூன்று வருஷமாக மரவள்ளிக்கிழங்கையே தின்று வயிறு வீங்கிப்போன நவமணி அவள் மடியில் கிடந்தாள். சோறு போடாவிட்டால் பிள்ளை அடுத்த மாதத்தைப் பார்க்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். ராமையா அவ்வப்போது அரிசியை முடிந்துகொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார். உள்ளே வர மாட்டார். அவள் கழுத்தில் தாலி இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க செல்லாயி யோசித்தாள். காலையில் சீனியின் காலைப் பிடித்துக்கொண்டு, பத்துமலை செத்ததைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். சீனி பிள்ளையைப் பார்த்தான். சரி என்றான்.

அந்த வருஷம் முடிவதற்குள் சீனியும் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை பிழைத்தது. ராமையா அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பத்துமலை திரும்பி வரவும் இல்லை. அதனால் தான் சொல்ல வைத்தது பொய்யாகிவிடவில்லை என்று செல்லாயி நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷமாக நினைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மஞ்சளையும் குங்குமத்தையும் எண்ணெயில் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. செம்பனை ஓலைகள் அசையவில்லை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் புழுக்கையும் கலந்த பழகிய வாடை. எங்கோ ஒரு பல்லி கத்தியது. இடது பக்கம் உதிர்ந்த இடத்தை அவள் ஒரு விரலால் நிரப்பத் தொடங்கினாள். இரண்டாவது இதழை வைக்கும்போதுதான் தெரிந்தது, சுவர் சுட்டது. வெயில் படாத சுவர். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி உள்ளிருந்து சுட்டது. விரலை எடுக்காமலே மாலையை எழுதி முடித்தாள். பயத்தைவிட அவளுக்கு அந்த நேரம் அவசரம்தான் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தபோது, அவள் எழுதியதும் இல்லை, பெயிண்டர் எழுதிய வலது பக்கமும் இல்லை. மாலை மொத்தமாகத் தரையில் கிடந்தது. வெறுங்கழுத்தோடு நின்றான் பத்துமலை. மாலை மறைத்திருந்த இடத்தில் தோல் மட்டும் புதுசாக, இருபத்தாறு வயசுத் தோலாக இருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவனுடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே, சுவரில் ஓர் ஈரக்கறை படர்ந்திருந்தது. பெயிண்டர் எழுதியது இரண்டு நல்ல கால்கள். அந்தக் காலைப் பற்றிச் செல்லாயி யாரிடமும் சொன்னதில்லை, ராமையாவிடம்கூட. கறையின் ஓரம் மஞ்சளாகவும் நடுவில் கறுப்பாகவும் இருந்தது. குனிந்தபோது வாடை வந்தது. சீனி அவள் வாசலில் உட்கார்ந்திருந்தானே, அவன் காலிலும் ஆறாத புண் இருந்தது. அதே வாடைதான்.

மறுநாளிலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது.

விடிவதற்கு முன் அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போவாள். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் பூச்சிகள் கத்தும், பெரிய ரோட்டில் காய்கறி லாரி இறங்கும் உறுமல் கேட்கும், கொட்டகைக்குள் மாடு சாணத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கும். செவ்வாய்க்கிழமை அதெல்லாம் ஒரு கணம் நின்றது. வடக்குப் பக்கம், செம்மண் சடக்கில், மூங்கில் தரையில் ஊன்றுகிற மாதிரி ஒரு 'டொக்'. அப்புறம் எதையோ மண்ணில் இழுக்கிற சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. மறுபடி 'டொக்'. மெதுவாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை பெரிய ரோட்டு முனையில் கேட்டது. புதன்கிழமை பாலத்தில், பலகைமேல். வியாழக்கிழமை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால். அவள் பால் செம்பை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தாள். ராமையா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில் காதை வைத்து அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விடியும்வரை கிடந்தாள்.

மறுநாள் விடிந்தால் திருவிழாவின் கடைசி நாள். வியாழக்கிழமை சாயங்காலம் கார்த்திகேசு வீட்டுக்கு வந்தான். ஈப்போவில் ஒரு சாமான் கடையில் வேலை செய்யும் முப்பது வயசுக்காரன். கோயிலுக்குப் புதுச் செயலாளர். கங்காணி பழனியப்பன் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். இந்த வருஷம் பெயர் கூப்பிடுவது அவன் பொறுப்பு.

"சூசா லா பெரியம்மா, ரொம்ப செரமம்," என்றான், கொடுத்த கோப்பியை ஊதிக்கொண்டே. "கங்காணி எல்லாப் பேரையும் மண்டையிலயே வச்சிருந்தாரு. ஒரு நோட்டுல எழுதி வச்சாரா பாருங்க. மத்தியானம் சொவரப் பாத்து நானே எழுதிட்டேன்."

"நல்லாக் கூப்புடு தம்பி. தொண்டையத் தெறந்து கூப்புடு," என்றார் ராமையா.

செல்லாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் காது வாசலுக்கு வெளியே இருந்தது. அவன் என்ன சொன்னான் என்பது அப்போது மனசில் ஏறவில்லை.

கார்த்திகேசு போன பிறகு, ராமையாவின் வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் அறுந்திருந்ததைத் தைக்க உட்கார்ந்தாள். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. கறுப்பு நூலைக் கோத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கு.

"இங்கேருங்க," என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

ஊசி ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. "அந்தச் சீனி இருந்தானே."

"பாவம், நல்ல பய." ராமையா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அவன் வந்து சொல்லலேன்னா நான் இன்னும் பெரட்டுல நிக்கிற மாதிரியே நின்னுருப்பேன், செல்லாயி. வருவானா வருவானான்னு. செத்துட்டான்னு தெரிஞ்சப்புறந்தான் ஒக்காந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். பிள்ளையத் தூக்குனேன்." மூச்சு இழுத்தது. "என்னா சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்ல. வெள்ள நூலு இல்ல, கறுப்புலதான் தைக்கிறேன்."

"யாரு பாக்கப் போறா."

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கே கோயிலில் ஐம்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஈப்போவிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் மோட்டார் காடி எடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மாலை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தெரிந்த கிழங்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. நவமணி சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். மின்விளக்கை அணைத்தார்கள். சுவரடியில் முப்பத்தேழு அகல்கள். அந்த வெளிச்சம் இடுப்புக்குமேல் ஏறவில்லை. வரிசையில் நிற்பவர்களின் கால்கள் தெரிந்தன, முகங்கள் இருட்டில் இருந்தன. செல்லாயி பதினோராவது அகலைப் பார்க்காமல் நின்றாள். ராமையா பக்கத்தில், கையில் கோப்பிக் குவளையோடு. கீ... கீ... என்று அவர் மூச்சு. அந்த வாடையும் வந்துகொண்டிருந்தது. சாம்பிராணிக்கு அடியில், சூடத்துக்கு அடியில்.

கார்த்திகேசு டார்ச் லைட்டைக் காகிதத்தில் அடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"சின்னையா."

"இன்னும் வரல," என்றது ஒரு கிழவியின் குரல்.

"இருளப்பன்."

"இன்னும் வரல."

பதில் சொல்ல ஆள் இல்லாத குடும்பங்களுக்குப் பூசாரி பதில் சொன்னார். நான்கு, ஐந்து, ஆறு பெயர்கள். சொல்லி வைத்த மாதிரி எல்லாக் குரலும் ஒரே தணிவில் இருந்தன. வெளியே, கோயில் படிக்கட்டுக்குக் கீழே, சரளைக் கல்லில், 'டொக்'.

"பத்துமலை."

செல்லாயிக்கு அப்போதுதான் உறைத்தது. மாலை இல்லாதவர்களின் பெயரைக் கார்த்திகேசு சுவரைப் பார்த்து எழுதினான். சுவரில் பத்துமலைக்கு மாலை இல்லை. இவ்வளவுதான் நடந்தது. அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

"பத்துமலை," என்றான் இரண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமாக. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. மூன்றாவது தடவைக்குள் பதில் வந்தாக வேண்டும்.

மாலை விழுந்த ஆள் தம்பி, அந்தப் பேரை விட்டுவிடு என்று சொல்லலாம். அதற்கு, பத்துமலைக்கு முன்னால், அந்த வெறுங்கழுத்துக்கு முன்னால், இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். இல்லை, 'இன்னும் வரல' என்று சொல்லலாம். அதுதான் உண்மை. உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த உண்மை. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அவன் இன்னும் கொஞ்ச காலம் வராதவனாகவே இருப்பான் என்று அவளுக்கு, எப்படியோ, நிச்சயமாகத் தெரிந்தது. ராமையாவுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். முப்பத்து மூன்று வருஷமும் தெரிந்துவிடும். வாயைத் திறந்தாள்.

"பத்துமலை."

படியில் 'டொக்'.

அவள் திறந்த வாயோடு நிற்பதை ராமையா பார்த்தார். செத்துப்போனவனின் பெயரை ஊர் நடுவில் கூப்பிட்டு அவளை நோகடிக்கிறார்களே என்று அவர் நினைத்திருக்கலாம். இல்லை, இத்தனை வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு வந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, ஓர் அடி முன்னால் போய், பழைய வழக்கத்தில் கையை உயர்த்தினார்.

"ஆளு இருக்கு," என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முப்பத்தேழு அகலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கார்த்திகேசு காகிதத்தில் கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

வெளியே சத்தம் நின்றுவிட்டது. ஊன்றுகோலும் இல்லை, காலை இழுக்கும் சத்தமும் இல்லை. செல்லாயி அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். மற்றப் பெயர்கள் முடிந்ததும், சூடம் காட்டியதும், கூட்டம் கோப்பி குடிக்கப் பின்பக்கக் கொட்டகைக்குக் கலைந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் நின்றுவிட்டது. நல்லவேளை. நின்றுவிட்டது.

எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

பக்கத்தில் அந்தக் கீச்சுச் சத்தமும் இல்லை.

"இங்கேருங்க," என்றாள்.

ராமையா நின்ற இடத்தில் அவருடைய துண்டு கிடந்தது. கோப்பிக் குவளை தரையில் இருந்தது, ஒரு சொட்டும் சிந்தாமல். காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகள் வழியாக விடியல் சாம்பலாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவரில் கால்களுக்குமேல் இடுப்புகள் தெரிந்தன. மார்புகள் தெரிந்தன. அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

பதினோராவது ஆளுக்கு மாலை இருந்தது.

முழு மாலை. மஞ்சளும் சிவப்பும். புதுசு.

அதற்குமேல் நரைத்த தலை. ஒட்டிய கன்னம். வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான், கறுப்பு நூல்.

கையை நீட்டினாள். மாலை விரலில் ஈரமாக ஒட்டியது. சுவர் சுடவில்லை. ஜில்லென்று இருந்தது. "ஏங்க," என்றாள். "நான் சொல்றேன். இப்பச் சொல்லிர்றேன். எறங்கி வாங்க."

பின்னால், வாசலில், 'டொக்'.

அந்த வாடை கோயிலை நிறைத்தது. திரும்பாமல் இருக்க முடியவில்லை. வாசல் வெளிச்சத்தில் ஒருவன் மூங்கில் கம்பை ஊன்றி நின்றிருந்தான். அரைக்கால் சட்டை, முண்டாசு. இருபத்தாறு வயது. அவளுக்கு ஞாபகம் இருந்ததைவிட இன்னும் சின்னப் பையனாக இருந்தான். முழங்காலுக்குக் கீழே சாக்குக் கட்டு. அதிலிருந்து படியில் சொட்டியது. அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் தாண்டி உள்ளே தேடினான். மறுபடி அவளையே பார்த்தான், வழியில் தென்படும் ஏதோ ஒரு கிழவியைப் பார்க்கிற மரியாதையோடு.

"ஆத்தா," என்றான். "இந்தத் தோட்டத்துல செல்லாயின்னு, எம் பொஞ்சாதி. கைப்பிள்ளக்காரி. பாத்தீங்களா?"

அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"சீனிகிட்டச் சொல்லி அனுப்புனேன், வாரேன்னு. மெதுவா வாரேன்னு. சொன்னானான்னு தெரியல." மூச்சு வாங்கினான். "அவ எங்க ஆத்தா?"

அரை மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை. அதுதான் அவள் வாயில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"இன்னும் வரல," என்றாள் செல்லாயி.

அவன் தலையாட்டினான். வருத்தமாகத்தான் ஆட்டினான், ஆனால் பொறுமையாக. "அப்ப இருக்கேன். வரட்டும்." கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தான், குனிந்து ராமையாவின் குவளையை எடுத்துக்கொண்டான், திரும்பிப் போய் வாசல்படியில் உட்கார்ந்து, அந்தக் காலை வழியை அடைத்து நீட்டிக்கொண்டான். முதல் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் கோப்பியை மெதுவாகக் குடித்தான். கொட்டகைப் பக்கம் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் குவளையை இறக்கிவிட்டு, ஆசையாக, சடக்கின் பக்கம் எட்டிப் பார்த்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால், ஈரமான மாலைக்கு அடியில், சுவருக்கு உள்ளேயிருந்து, கீ... கீ... என்று அந்த மூச்சு இழுக்கத் தொடங்கியது.